பைத்தானில் லிஸ்ட்டா, டிக்டா? நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் கேட்டரிங் நடத்தும் அண்ணன் ஒருவருக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். இணையம் வழி வரும் ஆர்டர்களை எண்ணி, காலை ஆறு மணிக்குச் சமையலறைக் குழுவின் டெலிகிராமுக்கு ‘இன்று இத்தனை ஆர்டர்’ என்று அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஐந்து வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை ஆர்டர் ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. நிரல் ‘4’ என்று அனுப்பிவிட்டது. நான்கு ஆர்டருக்குப் பிரியாணி தயாரானது, மூன்றை வாங்க ஆளில்லை. அண்ணன் என்னிடம் காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனசு லேசாகியிருக்கும்.

நடந்தது இதுதான். ஆர்டர் தகவலைத் தரும் நிறுவனம் உள்ளுக்குள் எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவத்தை ஜேசன் என்ற இன்னொரு வடிவமாக மாற்றி அனுப்புகிறது. பல ஆர்டர் இருந்தால் லிஸ்ட்டாக வரும், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்றுதான் இருந்தால், லிஸ்ட் எதற்கு என்று அந்த ஓர் ஆர்டரை மட்டும் டிக்டாக, அதாவது ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு என்ற அமைப்பில், தள்ளிவிடும். அந்த டிக்டில் பெயர், அஞ்சல் குறியீடு, உணவு, எண்ணிக்கை என நான்கு சாவிகள். எண்ணிக்கை சொல்லும் ‘லென்’ கட்டளையைக் கேட்டால் லிஸ்ட் ஆர்டர்களை எண்ணும், டிக்ட் சாவிகளை எண்ணும். பிழைச்செய்தி ஏதும் வராது. மூன்று இரவு தூக்கத்தைத் தொலைத்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

பைத்தானுக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இனி லிஸ்ட், டியூப்பிள் (மாற்ற முடியாத லிஸ்ட் மாதிரி) போன்ற சீக்வன்ஸ்களை ‘வரிசை’ என்றும், டிக்ட் போன்ற மேப்பிங்குகளைச் ‘சாவிப்பட்டியல்’ என்றும் சொல்கிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் என்ன வேண்டும்?

முதலில் பைத்தான் பதிப்பு. 3.10 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் நல்லது. அலுவலக மடிக்கணினியில் பழைய பதிப்பு கிடக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள். செலவு ஒரு காசு இல்லை, பைத்தான் இலவசம்.

இரண்டாவது, பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் மூன்று பக்கங்கள்: சொற்களஞ்சியத்தில் ‘சீக்வன்ஸ்’, ‘மேப்பிங்’ என்ற இரு பதிவுகள், உள்ளமைந்த வகைகள் பற்றிய பக்கம், ‘கலெக்‌ஷன்ஸ் ஏபிசி’ தொகுதியின் (சீக்வன்ஸ், மேப்பிங் போன்ற பொது வகைகளை வரையறுப்பது) அட்டவணை. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். சொற்களஞ்சியம் குழப்பத்தை ஒளிக்கவில்லை. டிக்டுக்கும் எண்ணிக்கை உண்டு, அடைப்புக்குறிக்குள் கேட்டால் அதுவும் பதில் தரும், ஆனாலும் முழு எண்ணை வைத்துத் தேடாமல் சாவியை வைத்துத் தேடுவதால் அது சாவிப்பட்டியல் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

மூன்றாவது உங்கள் தரவின் மாதிரிக் கோப்புகள். மூன்றில் இதுதான் முக்கியம். எதுவுமே இல்லாத நாளின் கோப்பு, ஒன்றே ஒன்று இருந்த நாளின் கோப்பு, பல இருந்த நாளின் கோப்பு. தரவு தரும் இடத்தில் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ‘எப்போதும் ஒரே மாதிரிதான் வரும்’ என்று வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நான் ஏற்றுக்கொண்டேன். எனக்குக் கோப்புகள் கைக்கு வர நான்கு வேலை நாள் ஆனது, அதனால் கேட்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வகுப்புக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். 25 வயதைத் தொட்ட சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் 500 வெள்ளி உண்டு. பைத்தான் முழுவதையும் கற்க அதைப் பயன்படுத்துவது சரி. இந்த ஒரு விஷயத்துக்காகச் செலவழிக்காதீர்கள், ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

2. இரண்டும் எங்கே ஒன்றுபோல நடிக்கின்றன?

வடகிழக்கு ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தின் எண் என்இ1. அடுத்த நிலையம் ஊட்ரம் பார்க், ஆனால் அது என்இ2 இல்லை, என்இ3. என்இ2 என்ற நிலையமே கிடையாது. பிறகு சைனாடவுன் 4, கிளார்க் கீ 5, டோபி காட் 6, லிட்டில் இந்தியா 7, ஃபேரர் பார்க் 8, பூன் கெங் 9.

இந்தப் பெயர்களை இரண்டு விதமாக எழுதி வையுங்கள். ஒன்று லிஸ்ட், பெயர்கள் மட்டும் வரிசையாக. மற்றொன்று டிக்ட், நிலைய எண் சாவி, பெயர் மதிப்பு. இப்போது இரண்டிடமும் அடைப்புக்குறிக்குள் 7 என்று கேளுங்கள். டிக்ட் லிட்டில் இந்தியா என்று சொல்லும். லிஸ்ட் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதாலும், நடுவில் 2 இல்லாததாலும், பூன் கெங் என்று சொல்லும். இரண்டு நிலையம் தள்ளிக் கொண்டுபோய் இறக்கிவிட்டது, ஆனால் பிழை எதுவும் வரவில்லை. ஒரு பதில் கிடைத்துவிட்டால் அது சரியான பதில் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

இன்னும் சில இடங்கள்:

‘ஃபார்’ சுற்று. லிஸ்ட்டில் சுற்றினால் உள்ளே இருக்கும் பொருள்கள் வரும். டிக்டில் சுற்றினால் சாவிகள் மட்டும் வரும், மதிப்புகள் வராது.

‘இன்’ கேள்வி. லிஸ்ட் மதிப்புகளில் தேடும், டிக்ட் சாவிகளில் தேடும். ‘லிட்டில் இந்தியா’ இருக்கிறதா என்று அந்த டிக்டிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும்.

முன்பெல்லாம் டிக்டில் ஒழுங்கு கிடையாது, அதை வைத்தே வித்தியாசம் தெரிந்துவிடும். 3.7 பதிப்பிலிருந்து டிக்டும் நாம் போட்ட ஒழுங்கிலேயே திருப்பித் தரும் என்பது உறுதியாகிவிட்டது. வசதிதான், வேடமும் கூடிவிட்டது.

3. யாராவது சொன்னாலும் செய்யக்கூடாத சோதனைகள்

இந்த ஐந்தையும் நான் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

வகையை நேராக ஒப்பிடுவது: ‘டைப்’ கேட்டு அது டிக்டுக்குச் சமமா என்று பார்ப்பது. டிஃபால்ட்டிக்ட், ஆர்டர்டுடிக்ட், கவுன்ட்டர் எல்லாம் டிக்டின் பிள்ளைகள்தான், அதாவது அதிலிருந்து உருவான வகைகள், ஆனால் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். ‘இஸ்இன்ஸ்டன்ஸ்’ வைத்து டிக்டா என்று கேட்டால் பிள்ளைகளும் சேர்ந்துவிடுவார்கள். அதுவும் முழுதாகப் போதாது. கணினியின் சூழல் மாறிகளைத் தரும் ‘ஓஎஸ் என்விரான்’ டிக்ட் போலவே நடக்கும், ஆனால் டிக்ட் வம்சம் இல்லை.

அடைப்புக்குறி வேலை செய்கிறதா என்று பார்ப்பது: ‘ஹேஸ்ஆட்டர்’ வைத்து, அடைப்புக்குறிக்குப் பதில் தரும் ‘கெட்ஐட்டம்’ இருக்கிறதா என்று கேட்பது. லிஸ்ட்டிலும் உண்டு, டிக்டிலும் உண்டு. கேட்டு என்ன பயன்?

பூஜ்யத்தைக் கேட்டுப் பார்ப்பது: காலியான லிஸ்ட்டிடம் கேட்டால் பிழை வரும். 0 என்ற சாவி உள்ள டிக்டிடம் கேட்டால் ஒழுங்காகப் பதில் வரும். இரண்டுமே தப்பு. டிஃபால்ட்டிக்ட் இன்னும் மோசம், இல்லாத சாவியைக் கேட்டால் உடனே அந்தச் சாவியை உருவாக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். சோதனை செய்ததாலேயே தரவு மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இரண்டாவது இரவு முழுதும் போனது.

துண்டு வெட்டிப் பார்ப்பது: லிஸ்ட்டைத் துண்டாக வெட்டலாம், டிக்டை முடியாது, அதனால் வெட்டிப் பார்த்தால் தெரியும் என்பார்கள். பழைய பதிப்புகளில் டிக்டிடம் இப்படிக் கேட்டால் டைப்எரர் (வகைப் பிழை) வரும், அதைப் பிடித்துக்கொள்ளலாம். 3.12-இல் துண்டையும் சாவியாக வைக்கலாம் என்று ஆகிவிட்டது. இப்போது வருவது கீஎரர், அதாவது அந்தச் சாவி இல்லை என்ற பிழை. டிஃபால்ட்டிக்டாக இருந்தால் பிழையே வராமல் விசித்திரமான ஒரு சாவி உள்ளே முளைத்திருக்கும். போதாக்குறைக்கு, இரு முனையிலும் சேர்க்க நீக்க வசதியான ‘டெக்’ என்ற வகை, உண்மையான வரிசையாக இருந்தும், துண்டு வெட்ட விடாது.

தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது: ‘ரிவர்ஸ்டு’ வரிசைக்கு மட்டும்தான் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். 3.8 முதல் டிக்டும் திரும்பும்.

4. செய்ய வேண்டிய சோதனை, இந்த ஒழுங்கிலேயே

‘கலெக்‌ஷன்ஸ் ஏபிசி’ தொகுதியிலிருந்து சீக்வன்ஸ், மேப்பிங் என்ற இரண்டு பெயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிசியை விட்டுவிட்டு வெறும் ‘கலெக்‌ஷன்ஸ்’ என்பதிலிருந்து எடுக்கச் சொல்லும் குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. அந்த வழி 3.10-இல் மூடப்பட்டுவிட்டது, பிழை வரும். பிறகு ‘இஸ்இன்ஸ்டன்ஸ்’ வைத்து இப்படிக் கேளுங்கள்:

முதல் கேள்வி: இது மேப்பிங்கா? ஆம் என்றால் சாவிப்பட்டியல். டிக்ட், அதன் பிள்ளைகள், ஓஎஸ் என்விரான் எல்லாம் இங்கேயே பிடிபட்டுவிடும்.

இரண்டாவது கேள்வி: இது ஸ்ட்ரிங்கா (எழுத்துச் சரம்), பைட்ஸா (பைட்டுகளின் சரம்)? ஆம் என்றால் தனியாக ஒதுக்குங்கள். இதை மறந்தால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். பைத்தானின் கணக்கில் ஸ்ட்ரிங்கும் வரிசைதான், எழுத்துகளின் வரிசை. ‘பிரியாணி’ என்ற சொல்லை ஆர்டர் பட்டியல் என்று நினைத்துச் சுற்றினால் அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் தரும். தமிழில் இன்னும் கூத்து: மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு நான்கெழுத்தாகத் தெரியும் ‘பிரியாணி’க்கு லென் எட்டு என்று சொல்லும். உள்ளே உள்ளே போய்ப் பிரிக்கும் நிரலாக இருந்தால் முடிவே வராது, ஏனென்றால் ஓரெழுத்து ஸ்ட்ரிங்கின் முதல் உறுப்பும் அதே ஓரெழுத்து ஸ்ட்ரிங்தான்.

மூன்றாவது கேள்வி: இது சீக்வன்ஸா? ஆம் என்றால் லிஸ்ட், டியூப்பிள், ரேஞ்ச், டெக் போன்ற ஒன்றாக இருக்கும்.

மூன்றிலும் இல்லை என்றால் டைப்எரர் எழுப்பி நிறுத்துங்கள். ‘எதுவாக இருந்தாலும் லிஸ்ட் என்று வைத்துக்கொள்வோம்’ என்ற கடைசி வரியை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். அந்த ஒரு வரியால்தான் மூன்று பிரியாணி வீணானது.

5. சோதனைக்கு அடங்காத சில ஆசாமிகள்

செட் (ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பு): வரிசையும் இல்லை, சாவிப்பட்டியலும் இல்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டரும் அப்படியே. இவை வர வாய்ப்புள்ள இடத்தில் முதலில் லிஸ்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். டிக்டின் சாவிகளைக் கேட்கும் ‘கீஸ்’ தருவதும் லிஸ்ட் இல்லை, அடைப்புக்குறி போட்டு 0 கேட்டால் பிழை வரும்.

நம்பை அர்ரே (கணக்குக்கான நம்பை தொகுதியின் எண் தொகுப்பு): பார்த்தால் அச்சு அசல் வரிசை. ஆனால் சீக்வன்ஸா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும். அந்தத் தொகுதி தன் பெயரைச் சீக்வன்ஸ் பட்டியலில் பதிந்துகொள்ளவில்லை. பாண்டாஸ் தொகுதியின் அட்டவணையான டேட்டாஃபிரேமும் மேப்பிங் பட்டியலில் இல்லை, ஆனால் கீஸ் உண்டு. இவற்றோடு புழங்குபவர்கள் இவற்றுக்கென்று தனிக் கேள்வி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீங்களே எழுதிய வகை: லென், கெட்ஐட்டம் இரண்டையும் எழுதிவிட்டால் பைத்தான் தானாக அதைச் சீக்வன்ஸ் என்று ஏற்காது. ஏபிசியிலுள்ள சீக்வன்ஸிலிருந்து பிறக்கச் செய்யுங்கள், அல்லது ‘ரெஜிஸ்டர்’ கட்டளையால் பதியுங்கள். பிறக்கச் செய்தால் தேடுவது, எண்ணுவது, திருப்புவது போன்றவை இலவசமாகக் கிடைக்கும். பதிந்தால் பெயர் மட்டும்தான் பட்டியலில் ஏறும், நீங்கள் சொன்னதை நம்பிவிடும்.

எஸ்கியூலைட் ரோ: எனக்கு மிகவும் பிடித்த ஆசாமி இவர். தரவுத்தளத்திலிருந்து வரும் ஒரு வரி. 0 என்று கேட்டாலும் தரும், ‘பெயர்’ என்று நெடுவரிசைப் பெயரைச் சொன்னாலும் தரும். கீஸும் இருக்கிறது. ஆனால் பதிவு சீக்வன்ஸில், சுற்றினால் மதிப்புகள்தான் வரும். டிக்ட் என்று நினைத்துச் சாவிகளை எதிர்பார்த்துச் சுற்றினால் ஏமாறுவீர்கள். நான் இப்போது தரவுத்தளத்திலிருந்து எடுத்த உடனே ‘டிக்ட்’ போட்டு மாற்றிவிடுகிறேன், சந்தேகமே வேண்டாம் என்று.

அந்த மாற்றம் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? ‘டிக்ட்’ கட்டளை தனக்கு வரும் பொருளிடம் கீஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் சாவிப்பட்டியலாக நடத்தும், இல்லாவிட்டால் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து வருகிறதா என்று பார்க்கும். மொழியே பயன்படுத்தும் சோதனை இது. எனவே உங்கள் வேலை பொருளை டிக்டாக மாற்றுவது மட்டும் என்றால், ஏபிசிகூட வேண்டாம், கீஸ் இருக்கிறதா என்ற கேள்வியே போதும். சுற்றப் போகிறீர்களா, எண்ணப் போகிறீர்களா என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

6. ‘மேட்ச்’ கட்டளையை நம்பலாமா?

நம்பலாம். தரவின் வடிவத்தைப் பார்த்துப் பிரிக்கும் கட்டளை அது, 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து இருக்கிறது. சதுர அடைப்புக்குறி வடிவம் வரிசையை மட்டும் பிடிக்கும், ஸ்ட்ரிங்கைத் தானாகவே விலக்கிவிடும். நான்காம் படியின் இரண்டாவது கேள்வியே தேவைப்படாது.

ஒரே ஒரு பொறி. வெறும் சதுர அடைப்புக்குறி காலியான லிஸ்ட்டை மட்டும் பிடிக்கும். வெறும் நெளி அடைப்புக்குறியோ எந்த டிக்டையும் பிடிக்கும், காலியோ நிறைந்ததோ. அதை மேலே வைத்தால் கீழே உள்ள டிக்ட் வடிவங்களுக்கு வாய்ப்பே கிடைக்காது. காலி டிக்டைத் தனியாகப் பிரிக்க ‘இஃப்’ நிபந்தனை சேர்க்க வேண்டும்.

7. வாசலிலேயே சரிசெய்யுங்கள்

சோதனையை நிரலின் பத்து இடத்தில் தெளிக்காதீர்கள். தரவு உள்ளே வரும் ஒரே இடத்தில் சின்னச் செயற்கூறு ஒன்று வையுங்கள். என்ன வந்தாலும் அது ஆர்டர்களின் லிஸ்ட்டாகவே வெளியே அனுப்ப வேண்டும். ஒன்றும் வராமல் ‘நன்’ (பைத்தானில் ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பு) வந்தால் காலி லிஸ்ட். டிக்ட் வந்தால் அதை ஒற்றை உறுப்பாக வைத்த லிஸ்ட். லிஸ்ட் வந்தால் அப்படியே. வேறு எது வந்தாலும் பிழை. என்னுடையது ஒன்பது வரிதான். எக்ஸ்எம்எல்லை நீங்களே மாற்றுபவராக இருந்தால், ‘எக்ஸ்எம்எல்டுடிக்ட்’ தொகுதியில் ‘ஃபோர்ஸ் லிஸ்ட்’ என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. எந்தெந்தப் பெயர்கள் எப்போதும் லிஸ்ட்டாக வர வேண்டும் என்று அதில் சொல்லிவிடலாம்.

தரவு அனுப்பும் பக்கம் பிஎச்பியாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை. அந்த மொழியில் வரிசைக்கும் சாவிப்பட்டியலுக்கும் ஒரே அர்ரேதான். ஜேசனாக மாற்றும்போது சாவிகள் 0, 1, 2 என்று இடைவெளியின்றி இருந்தால் லிஸ்ட்டாகப் போகும். நடுவில் ஒன்றை நீக்கி ஓட்டை விழுந்தால் டிக்டாகப் போகும். காலியாக இருந்தால், சாவிப்பட்டியல் என்று நினைத்து வைத்ததும்கூட, காலி லிஸ்ட்டாகத்தான் வரும். அதனால் ஓட்டை விழுந்து வந்த டிக்டையும் ஒற்றை ஆர்டர் டிக்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் ‘பெயர்’ என்ற சாவி இருக்கிறதா என்று கேட்கிறேன். இருந்தால் ஒற்றை ஆர்டர், இல்லாவிட்டால் மதிப்புகளை எடுத்து லிஸ்ட்டாக்குகிறேன்.

ஜேசன் சாவிகள் எப்போதும் ஸ்ட்ரிங்தான் என்பதையும் மறக்காதீர்கள். 7 என்ற எண்ணைச் சாவியாக வைத்து ஜேசனில் சேமித்துத் திரும்ப எடுத்தால், எண் 7 போய் எழுத்து ‘7’ வந்து நிற்கும். நம் ஊர் அஞ்சல் குறியீட்டை எண்ணாகச் சாவி வைக்கவே கூடாது. ஆறு இலக்கத்தில் சில 0-வில் தொடங்கும். மரினா பே சேண்ட்ஸ் 018956. எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள 0 போய் 18956 ஆகிவிடும், சாப்பாடு எங்கே போகுமோ. பேருந்து நிறுத்த எண்களுக்கும் இதே கதைதான்.

8. நேரம் எவ்வளவு?

கணினிக்கு ஆகும் நேரம்: சீக்வன்ஸா, மேப்பிங்கா என்று ஏபிசியிடம் கேட்பது, நேராக டிக்டா என்று கேட்பதைவிடச் சில மடங்கு மெதுவு. அதற்காகப் பயப்படாதீர்கள். ஒரு லட்சம் முறை கேட்டாலும் சாதாரண மடிக்கணினியில் ஒரு நொடிகூட ஆகாது, வாசலில் நீங்கள் கேட்கப்போவதோ ஒரே முறை. உண்மையில் நேரம் தின்பது வேறு இடம்: பெரிய லிஸ்ட்டில் ‘இன்’ வைத்துத் திரும்பத் திரும்பத் தேடுவது. அது தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். டிக்டில் எத்தனை இருந்தாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். அடிக்கடி தேட வேண்டிய தரவு என்றால் வாசலிலேயே சாவிப்பட்டியலாக மாற்றிவிடுங்கள்.

உங்களுக்கு ஆகும் நேரம்: ஆவணம் படிக்க ஒரு மணி, வாசல் செயற்கூறு எழுத அரை மணி, மூன்று மாதிரிக் கோப்புகளையும் வைத்துச் சோதனை எழுத இன்னொரு மணி. மாதிரிகள் கைக்கு வரக் காத்திருக்கும் நாள்களை இதில் சேர்க்கவில்லை. வகைக் குறிப்பு (இங்கே இன்ன வகை வரும் என்று நிரலில் எழுதும் குறிப்பு) எழுதிவிட்டோமே, சோதனை எதற்கு என்று கேட்காதீர்கள். ஓடும்போது பைத்தான் அந்தக் குறிப்புகளைப் பார்ப்பதே இல்லை. ‘ஸ்ட்ரிங்குகளின் சீக்வன்ஸ்’ என்று குறித்த இடத்தில் வெறும் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால், குறிப்பைச் சரிபார்க்கும் கருவிகளும் பொதுவாகச் சரி என்றே விட்டுவிடும்.

என் சோதனைக் கோப்புகளுக்கு ‘காலி’, ‘ஒன்று’, ‘பல’ என்று பெயர். ‘ஒன்று’ கோப்பில் அந்தத் திங்கட்கிழமையின் ஆர்டரைத்தான் வைத்திருக்கிறேன், வாடிக்கையாளர் பெயரை மட்டும் அழித்துவிட்டு. ஒரு கோழி பிரியாணி, எண்ணிக்கை 1.